யூப்பிற்றருக்கு வைத்த மடை

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். யன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்தேன். மழை இல்லை, காற்றும் பெரிதாக இல்லை. கேத்திலில் தண்ணீர் வைத்துவிட்டு, குப்பைப் பையைக் கட்டித் தாழ்வாரத்தின் கோடியிலுள்ள குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு குசினி மேசையைத் துடைத்து, நான்கு சிறிய போத்தல்களை வரிசையாக வைத்தேன். தேசிக்காய்த் தோல், பன்னீர், யூக்கலிப்ரஸ் தைலம், கராம்பு. எப்போதும் இந்த ஒழுங்குதான்.

மனைவி வந்து கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து அவளுடைய மூக்கின் கீழே பிடித்தேன். நான்குக்கும் அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ?" என்றாள். முடிந்தது என்றேன். நான்கு போத்தல்களையும் மூடி அலுமாரியில் வைத்தேன்.

போன வருடம் செப்டெம்பரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கும் மகளுக்கும் ஒரு கிழமையில் சுகமாகிவிட்டது. மனைவிக்கும் சுகமாகியது. ஆனால் மணமும் ருசியும் போனவை போனவைதான். நாக்கில் உப்பு, புளி என்று ஏதோ கொஞ்சம் தட்டுப்படும், மற்றதெல்லாம் நனைந்த அட்டையைச் சாப்பிடுவது போல இருக்கிறது என்பாள். மூக்கு வைத்தியர் இந்த நான்கு போத்தல் பயிற்சியைச் சொல்லித் தந்தார். நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து வரலாம், வராமலும் விடலாம் என்றார். இரண்டு பக்கமும் சமமாகத் தலையை ஆட்டிச் சொன்னார்.

அவள் இங்கே பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தவள். லிஃப்ற்றில் இருந்து இறங்கி எங்கள் வாசலுக்கு வருவதற்குள், இந்த மாடித் தட்டில் எந்த வீட்டில் என்ன கறி, அதில் சீரகம் கருகியிருக்கிறதா என்பதுவரை சொல்லிவிடுவாள். பிலாக்காய்க்குப் பால் எப்போது விடுவது என்பதை அவள் சட்டியைப் பார்த்து முடிவெடுத்ததை நான் கண்டதில்லை. மற்றப் பக்கம் பார்த்துக் கதைத்துக்கொண்டே மூக்கால் முடிவெடுப்பாள். காய்ச்சலுக்குப் பிறகு கடைக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு கிழமையில் தானாகவே நின்றுவிட்டாள். அந்த மாரிக் குளிரில் ஒருநாள் நான் வேலையால் வந்தபோது வீடு முழுக்கப் புகை. அடுப்பில் சூப் வற்றிச் சட்டி கறுத்துப்போயிருந்தது. அவள் பக்கத்து அறையில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். புகை கண்ணுக்குத் தெரியும்வரை அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் அடுப்பைப் போடுவதில்லை. இது நான் போட்ட சட்டம் அல்ல, அவள் போட்டது.

இன்னொன்று இந்த வசந்தத்தில் நடந்தது. ஒருநாள் அவள், "எரியுற மணம் வருது" என்று எழும்பினாள். மூக்கு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். வீடு முழுவதும் தேடினோம். கட்டடப் பொறுப்பாளரைக்கூடக் கூப்பிட்டோம். எங்கும் எதுவும் எரியவில்லை. இல்லாத மணம் சிலருக்கு இப்படி வருவதுண்டு, மூளை செய்யும் விளையாட்டு என்றார் வைத்தியர். அதற்குப் பிறகு அவள் மணத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. நானும் மகளும் 'மணக்குது' என்ற சொல்லை வீட்டில் சொல்லாமல் விட்டோம். யாரும் பேசி எடுத்த முடிவல்ல அது.

இப்படி இருக்கும்போதுதான் மூன்று கிழமைக்கு முன்னர் மகள் வந்து கேட்டாள். அவள் பல்கலைக்கழகத்தில் பழைய காலத்து மதங்கள் பற்றி ஒரு பாடம் எடுக்கிறாள்.

"அம்மா, எங்கட குறூப் ப்ரொஜெக்ற்றுக்கு நீங்கள் சமைச்சுத் தாறீங்களோ?"

"ஆருக்குச் சமைக்க?"

"யூப்பிற்றருக்கு. ரோமன் கோட்."

நவம்பர் பதின்மூன்றில் ரோமர்கள் தங்கள் பெரிய தெய்வம் யூப்பிற்றருக்கு விருந்து வைப்பார்களாம். சிலையைச் சாய்கட்டிலில் சரித்து வைத்து, பக்கத்தில் யூனோவையும் மினெர்வாவையும் கதிரையில் இருத்தி, முன்னால் சாப்பாடு பரப்புவார்களாம். கொள்ளைநோய் வந்த காலங்களில் இன்னும் பெரிதாக, தெய்வங்களைச் சோடி சோடியாகக் கட்டிலில் வைத்துப் பல நாட்களுக்கு விருந்து நடக்குமாம். மகளின் குழுவில் மூன்று பேர். அவர்கள் அதை வகுப்புக்குச் செய்து காட்ட வேண்டும். இடமாக எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பார்ட்டி றூமைப் பிடித்திருந்தார்கள். பதின்மூன்று புதன்கிழமையாகப் போனதால், அடுத்த சனிக்கிழமை.

"இப்ப அவரை ஆரும் கும்பிடுறேல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை அம்மா. நோபடி."

"எவ்வளவு காலமா?"

"ஒரு ஆயிரத்தைந்நூறு வருசம் இருக்கும்."

"அப்ப நல்ல பசியில இருப்பார்."

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "உன்ர வகுப்புப் பிள்ளையளுக்கு முன்னால என்னை விடாதை. என்ர மூக்கு உனக்குத் தெரியும்" என்றாள்.

"கோட்ஸ்தானே அம்மா சாப்பிடப் போகினம். நீங்கள் ருசி பாக்கத் தேவையில்லை."

நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வருடா வருடம் வைரவருக்கு மடை வைப்போம். தெய்வத்துக்கு முன்னால் சாப்பாட்டைப் பரப்பிப் படைப்பதுதான் மடை. படைத்து முடியும்வரை சமைப்பவர் உப்புப் பார்க்கக் கூடாது. குனிந்து மணந்து பார்ப்பதும் கூடாது என்பார்கள்.

"நான் மடைக்கு எண்டைக்காவது உப்புப் பாத்திருக்கிறனோ?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"அப்ப என்ன. செய்வம்."

ரோமில் இந்த விருந்துகளுக்குப் பொறுப்பாக ஏழு பேர் கொண்ட குழு ஒன்று இருந்ததாம். ஒழுங்கில் சிறு பிழை வந்தாலும் விருந்தை முதலில் இருந்து தொடங்க வைப்பார்களாம். "அப்பா, நீங்கள் தனியவே அந்த ஏழு பேரும்" என்றாள் மகள். ஒஷாவாவில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களின் அளவு சரியா என்று பார்ப்பது என் வேலை. ஆகவே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை சமையல். பாற்கட்டியும் மாவும் முட்டையும் குழைத்து, பிரியாணிக்குப் போடும் உலர்ந்த இலைகளின் மேல் வைத்துச் சுட்டுத் தேன் ஊற்றும் ஒரு வட்டப் பணியாரம், வினாகிரி விட்ட பருப்பு, கோதுமைக் கஞ்சி. மகள் தாளில் எழுதி வந்ததை வாசிக்க, நான் தராசில் உப்பை நிறுத்துக் கொடுத்தேன்.

"இதென்ன மருந்துக்கடையோ?" என்றாள் மனைவி.

"ருசி பாக்கேலாதெண்டா நிறைதான் பாக்கவேணும்."

"நான் முந்தி நிறுத்தே போட்டனான்?"

"முந்தி உமக்கு மூக்கு இருந்தது" என்று வாய் தடுமாறிச் சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. "இப்பவும் இருக்கு. வடிவுக்கு" என்றாள்.

பணியாரம் அடுப்பில் வெந்து, தேனும் அந்த இலையும் கலந்த மணம் வீடு முழுவதும் நிறைந்தது. நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மனைவி அடுப்பின் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அடித்ததும் திறந்து, பொன்னிறமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து எடுத்து வைத்தாள்.

"நானும் யூப்பிற்றரும் ஒண்டு. முன்னால கொண்டுவந்து வைச்சாப் பாத்துக்கொண்டு இருப்பம்" என்றாள். மகள் திரும்பிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவதுபோல நின்றாள்.

மத்தியானம் எங்கள் சோபாவைக் கீழே இறக்கினோம். அது லிஃப்ற்றுக்குள் நிமிர்த்தி வைத்தால்தான் அடங்கும் என்று முதல்நாளே அளந்து வைத்திருந்தேன். மகளும் மற்ற இருவரும் கந்தல் துணியாலும் வைக்கோலாலும் உடம்பு செய்து, காகிதக்கூழில் தலை செய்து வைத்திருந்தார்கள். யூப்பிற்றருக்கு முகமெல்லாம் சிவப்பு. திருவிழாக் காலத்தில் அவருக்கு அப்படித்தான் பூசுவார்களாம். அவரைச் சோபாவில் சாய்த்தோம். யூனோவுக்கும் மினெர்வாவுக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரைகள்.

"அவருக்குச் சோபா, அதுகளுக்குக் கதிரை" என்றாள் மனைவி. "எல்லா இடமும் உதுதான்."

"அம்மா, தற்ஸ் இன் த சோர்ஸஸ்."

"இருக்கும், இருக்கும்."

தெய்வங்களின் தலைக்கு இலைமுடி கட்டியது போக, ஒரு பைக்கற் உலர்ந்த இலை மிச்சம் இருந்தது. மனைவி ஊசி நூல் எடுத்து, வைரவருக்கு வடைமாலை கோப்பதுபோல அவற்றை நெருக்கமாகக் கோத்தாள். "இந்தப் பிள்ளைக்குக் கழுத்து வெறுமையாக் கிடக்கு" என்று சொல்லி மினெர்வாவின் கழுத்தில் போட்டாள். மாலை நீளமாகிவிட்டது, மடியைத் தாண்டித் தொங்கியது. ரோமர்கள் மாலையை இப்படி நிலம் தொடப் போடுவார்களா தெரியாது என்றாள் மகள். "நாங்கள் போடுவம்" என்றாள் தாய்.

விளக்கு இல்லாமல் படையலா என்பது அடுத்த கேள்வி. கட்டடப் பொறுப்பாளரிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். கண்ணாடிக் குவளைக்குள் வைக்கும் சிறிய மெழுகுதிரி என்றால் சரி என்றிருந்தார். மூன்று தெய்வத்துக்கும் மூன்று குவளை வைத்தோம். மாலையின் நுனிக்கும் குவளைக்கும் இடையில் என் ஒரு முழம் இடைவெளி இருந்தது. அளந்துதான் வைத்தேன்.

பிறகு கதவு விஷயம். ரோமில் பெரிய விருந்து நடக்கும் நாட்களில் ஊரில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தே கிடக்குமாம். தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்களாம். சண்டைக்காரர்கள்கூட நின்று கதைப்பார்களாம். ஆகவே பார்ட்டி றூமின் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது மகளின் திட்டம். மனைவிக்கு இது பிடிக்கவில்லை. படைத்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும், வந்த தெய்வங்கள் ஆறுதலாகச் சாப்பிட்ட பிறகு தட்டிவிட்டுத் திறக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"ஆக்கள் வாயைப் பாத்துக்கொண்டு நிக்க, ஆர் சாப்பிடுறது? அதுகளுக்கு வெக்கம் இருக்காதோ?"

"ரோமன்ஸ் அப்பிடிச் செய்யேல்ல அம்மா."

"அப்ப ரோமன்ஸ் வந்து சமைக்கட்டும்."

சமைத்தவள் அவள். ஆகவே முதலில் கொஞ்ச நேரம் சாத்துவது, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று முடிவானது. மகள் தன் கட்டுரையில் இதற்கு ஒரு அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும் என்று முணுமுணுத்தாள்.

மூன்று மணிக்கு வகுப்பு மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பேராசிரியையும் வந்தார், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, மெதுவாகப் பேசும் பெண். மகளின் குழுவில் ஒரு பிள்ளை அழைப்பு வாசித்தாள். இன்னொரு பிள்ளை சீப்பும் கண்ணாடியும் பிடித்து யூனோவுக்குத் தலை சீவுவதுபோல அபிநயம் செய்தாள். ரோமில் பெண்கள் உண்மையிலேயே அப்படிச் செய்தார்களாம். பிறகு மினெர்வாவுக்கும் சீவினாள். மகள் பணியாரத்தையும் பருப்பையும் கஞ்சியையும் அத்திப்பழத்தையும் பரப்பி, வைனுக்குப் பதிலாகத் திராட்சைச் சாற்றை ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி யூப்பிற்றருக்கு முன்னால் வைத்து, மூன்று மெழுகுதிரிகளையும் கொளுத்தினாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மனைவி கையைக் காட்ட, எல்லோரும் வெளியே வந்தோம். அவள் கதவைச் சாத்தினாள்.

பார்ட்டி றூமுக்கு அடுத்த கதவு உடுப்புத் தோய்க்கும் அறை. சனிக்கிழமை என்பதால் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. உலர்த்தும் இயந்திரத்துக்குள் போடும் வாசனைத் தாளின் நெடி தாழ்வாரம் முழுக்க, தொண்டையில் ஒட்டும் அளவுக்கு இருந்தது. மாணவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்கள். பேராசிரியை என் பக்கத்தில் நின்று, உள்ளே தெய்வங்கள் என்ன சாப்பிடுவதாக நாங்கள் நம்புகிறோம் என்று கேட்டார். மணத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். "ஆவியை" என்று ஆங்கிலத்தில் ஒருமாதிரிச் சொல்லிச் சமாளித்தேன்.

அப்போது மனைவி, "என்னவோ எரியுது" என்றாள்.

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சவர்க்காரமும் வாசனைத் தாளும் தவிர ஒன்றும் இல்லை. வசந்தத்தில் நடந்தது உடனே நினைவுக்கு வந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் இன்னொரு தடவை அவள் அப்படி நிற்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"ஒண்டுமில்லை" என்று மெதுவாகச் சொன்னேன். "உடுப்புக் காயுற மணம்."

"இல்லை."

"அம்மா, அஞ்சு நிமிசம்கூட ஆகேல்ல" என்றாள் மகள். அவளும் என்னைப்போலவே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. அவளுக்கே நிச்சயம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கதவின் கைபிடியில் கையை வைத்தவள் மூக்கை நிமிர்த்தி இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு கதவை மூன்று தரம் தட்டினாள். அந்த அவசரத்திலும் தட்டிவிட்டுத்தான் திறந்தாள்.

பின்னால் போன நான் முதலில் பார்த்தது வெறும் அறையைத்தான். சிவப்பு முகத்தோடு யூப்பிற்றர் சோபாவில் சாய்ந்திருந்தார். பணியாரம் அப்படியே இருந்தது. பிறகு கண்டேன். மினெர்வாவின் தலையும் தோளும் நன்றாக முன்னே சரிந்திருந்தன. மாலையும் அதோடு கீழே இறங்கி, நுனி கண்ணாடிக் குவளைக்குள் விழுந்து கிடந்தது. தலை சீவியபோது கழுத்து தளர்ந்திருக்க வேண்டும். நான் அளந்த ஒரு முழம் அந்தச் சீப்போடு போய்விட்டது. இரண்டு மூன்று இலைகளின் விளிம்பு சிவந்து, தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் தீ பிடிக்கவில்லை. ஆனால் மாலைக்கு மேலே வைக்கோல் உடம்பும் காகிதத் தலையும் இருந்தன.

மனைவி மாலையை நூலோடு இழுத்து அறுத்து, யூப்பிற்றரின் திராட்சைச் சாற்றுக் கிண்ணத்துக்குள் அமுக்கினாள். உஸ் என்ற சத்தம் வந்தது. நான் மூன்று மெழுகுதிரிகளையும் ஊதி அணைத்தேன்.

"ஓ மை கோட்" என்றாள் மகள்.

"எந்த ஆள்?" என்றாள் தாய், கிண்ணத்தில் இருந்து கையை எடுக்காமல்.

வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தமிழ் விளங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் மற்றவர்களுக்குச் சொல்ல, அவர்கள் பிந்திச் சிரித்தார்கள். மகள் மட்டும் பேராசிரியையின் முகத்தைப் பார்த்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, ரோமர்களும் பலிபீடத்து நெருப்பில் வைன் ஊற்றுவார்கள், என்ன, தெய்வத்தின் சொந்தக் கிண்ணத்தில் இருந்து எடுக்க மாட்டார்கள் என்று சொன்னார். கூரையில் இருந்த புகைக் கருவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கட்டடத்தின் அத்தனை குடும்பமும் படியிறங்கி வாகனத் தரிப்பிடத்தில் குளிரில் நின்றிருக்கும். பார்ட்டி றூமை எங்களுக்கு இனி ஒருநாளும் தந்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் வரிசையாக நினைத்து முடித்த பிறகுதான் மற்றது எனக்கு உறைத்தது.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள்.

"நீர் எப்பிடி அறிஞ்சனீர்?" என்றேன்.

"மணந்தது" என்றாள்.

வசந்தத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் இருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அவள் சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல நின்றாள். பிறகு கிண்ணத்துக்குள் கையை விட்டு, பாதி கருகிய இலை ஒன்றை எடுத்து மூக்கருகில் பிடித்தாள். கண்ணை மூடவில்லை. பயிற்சியில்தான் கண்ணை மூடுவது.

"என்ன மாதிரி இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"எரிஞ்ச இலை மாதிரி."

மகள் தாயைக் கட்டிப்பிடித்தாள். "விடு, கை எல்லாம் சாறு" என்றாள் மனைவி. ஆனால் அந்த இலையைக் கீழே போடவில்லை. அப்படியே போய், யூப்பிற்றரின் காலடியில் மிச்சமிருந்த இடத்தில், எங்கள் சோபாவில் இருந்தாள். பேராசிரியைக்கு நான் விளக்கம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. முதலில் போத்தல்களைப் பற்றித் தொடங்கியிருப்பேன். அவர் கேட்டு முடித்து, மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பிறகு கதவைத் திறந்து விட்டோம். ரோமர் சொன்னபடி, அகலமாக. உடுப்புத் தோய்க்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களையும் கூப்பிட்டோம். எனக்குத் தரிப்பிட விஷயமாகப் போன வருடத்தில் இருந்து முகம் கொடுக்காத ஏழாம் தட்டுக்காரர் உடுப்புக் கூடையோடு வந்து, "இதென்ன அண்ணை, ஆருக்குப் படையல்?" என்றார். யூப்பிற்றருக்கு என்றேன். "அது சரி" என்று ஒரு பணியாரம் எடுத்துக்கொண்டார். இன்னொன்றைக் கடதாசியில் சுற்றி நானே கொடுத்தேன்.

மனைவியும் ஒரு துண்டு பணியாரத்தை வாயில் போட்டாள். நானும் மகளும் அவளுடைய வாயையே பார்த்தோம். மென்று முடித்துத் தலையை ஆட்டினாள்.

"அட்டைதான்" என்றாள். "உங்கட மூஞ்சையளை அப்பிடி வைச்சிருக்காதேங்கோ. ஒண்டு வந்திருக்கு. மத்தது வரட்டும்."

அதைச் சொன்ன குரல் பழைய குரல். கடைக் குசினியில் இருந்து என்னைத் தொலைபேசியில் எடுத்து, வரும்போது கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லும் குரல். யூனோவைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளுடைய கதிரையில் இருந்தேன். பருப்பு ஒரு கோப்பை சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. நிறுத்தது நான்.

ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் ஒதுக்கி, கூட்டி, சோபாவை மேலே ஏற்றினோம். யூப்பிற்றரை மகள் குப்பையில் போடப் பார்த்தாள். மனைவி விடவில்லை. "சாப்பிட வைச்சிட்டுக் குப்பையில போடுறதோ" என்று தலையை மட்டும் கழற்றி மேலே கொண்டுவந்தாள். அது இப்போது அலுமாரிக்கு மேல், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து அவளுக்குக் காட்ட நினைத்தேன். பிறகு பாண் கருக்கிப் பார்க்கலாம், கோப்பித் தூளை வறுக்கலாம் என்று ஒவ்வொன்றாக மனதில் ஒழுங்கு படுத்தினேன். அவளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒண்டும் கொளுத்த வேண்டாம். பேசாமல் படுங்கோ."

படுத்தேன். வழக்கமாக நான் படுக்கப் போகும்போது அடுப்பின் திருகுகளைத் தொட்டுப் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். ஆனால் இரண்டாம் தடவை எழும்பிப் போகவில்லை. போன மாரியில் இருந்து எப்போதும் இரண்டு தடவை போவேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து குசினிக்குப் போனபோது அவள் எனக்கு முன்னரே மேசையில் இருந்தாள். நான் கேத்தில் வைக்கவில்லை, யன்னல் திரையை விலக்கவில்லை. முதலில் போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்தேன். தேசிக்காய்த் தோலுக்குத் தலையை ஆட்டினாள். பன்னீருக்கும் ஆட்டினாள். தைலத்துக்கு, "குளிருது, மணமெண்டு சொல்லேலாது" என்றாள். கராம்புப் போத்தலை என் கையில் இருந்து வாங்கித் தானே பிடித்தாள். நெடுநேரம் பிடித்தாள். கண்ணைத் திறந்து போத்தலுக்குள் பார்த்தாள்.

"இது கராம்பு" என்றாள்.

நான் மற்ற மூன்று போத்தல்களையும் மூடினேன்.

"ஆனா பழசு. தும்பு மாதிரிக் கிடக்கு. இதை எப்ப மாத்தினனீங்கள்?"

தேசிக்காய்த் தோலைக் கிழமைக்குக் கிழமை மாற்றுவேன். பன்னீரும் தைலமும் குறையக் குறைய ஊற்றுவேன். கராம்பை நான் தொட்டதே இல்லை.

"கராம்பு பழுதாகாது எண்டு நினைச்சன்."

"பழுதாகாது. மணம்தான் போகும்."

பழையதைக் கொட்டினேன். போத்தலைச் சுடுநீரில் கழுவி, உட்புறம் காயும்வரை துணியால் துடைத்து, புதுப் பைக்கற்றை உடைத்துக் கராம்பை நிரப்பி, மூடாமல் அவளிடம் கொடுத்தேன்.